முதல் பருவத்தைக் கையிலிருக்கும் போனில் தொடங்குங்கள்: விஸ்காம் துறைகளுக்கு ஒரு முதலாமாண்டு மாணவியின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய விஸ்காம் துறைத் தலைவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் கோயம்புத்தூரில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன் முதலாமாண்டு படிக்கிறேன். படம், ஒலி, எழுத்து என்று ஊடக வேலைகளைக் கற்கும் இந்தப் படிப்பைத்தான் சுருக்கமாக விஸ்காம் என்கிறோம். சொந்த ஊர் ஒட்டன்சத்திரம். அப்பா காய்கறி மார்க்கெட்டில் லோடுமேன். அம்மா ஒரு கமிஷன் மண்டியில் காய் தரம் பிரிக்கிறார். பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான். வகுப்பு தொடங்கிச் சில வாரங்கள்தான் ஆகின்றன. அதற்குள் மடல் எழுதும் அளவுக்கு என்ன வந்துவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். இந்த முதல் வாரங்களில் யார் எங்கே நிற்கிறார்களோ, மூன்று வருடமும் அங்கேயே நின்றுவிடுவார்கள் என்பதைச் சீனியர்களைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். முதல் பருவத்துப் பயிற்சிகள் எல்லாவற்றையும் எல்லாரிடமும் இருக்கிற போனிலும், எங்களுக்கு வரும் தமிழிலும் நடத்துங்கள். கேமரா வேண்டிய இடத்தில் துறையின் கேமராவைக் கொடுங்கள். இப்போது நடப்பது வேறு. சொந்தமாகக் கேமராவும் சரளமாக ஆங்கிலமும் உள்ளவர்கள் மாணவர்களாகவும், மற்றவர்கள் அவர்களுக்கு உதவியாளர்களாகவும் முதல் மாதத்திலேயே பிரிந்துவிடுகிறோம். யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்யவில்லை. ஆனால் நடந்துகொண்டிருக்கிறது. திருச்சியிலும் திருநெல்வேலியிலும் இதே படிப்பில் சேர்ந்த என் பள்ளித் தோழிகளும் இதையே சொல்கிறார்கள் என்பதால், என் கல்லூரிக்கு மட்டும் எழுதாமல் உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

சேர்க்கையின்போது தந்த கையேட்டில் கேமரா வேண்டும் என்று எங்கும் போட்டிருக்கவில்லை. வகுப்பில் உட்கார்ந்த பிறகு எல்லார் வாயிலும் அந்தக் கேள்விதான். "என்ன கேமரா வெச்சிருக்க?" சீனியர் அக்கா கேட்டார், பக்கத்தில் உட்கார்ந்தவள் கேட்டாள், பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும்போது ஒரு சார் கேட்டார். இருப்பவர்கள் மாடல் நம்பரோடு சொன்னார்கள். இல்லாதவர்கள் "வாங்கணும் சார்" என்றார்கள். என்னோடு படிக்கும் ஒருவன் இரண்டாவது வாரமே தவணையில் ஒரு கேமரா எடுத்துவிட்டான். தவணை கட்ட சனி, ஞாயிறு கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் வேலைக்குப் போகிறான். முகூர்த்த நாளென்றால் முந்தின நாள் ராத்திரியே போய்விடுவான். திங்கட்கிழமை முதல் பீரியடில் கண் சொருகி உட்கார்ந்திருப்பான். அவன் கேமராவில் இதுவரை எடுத்தது டிபார்ட்மென்ட் விழா படங்கள் மட்டும்தான். எடுத்துப் பழக வேண்டிய சனி, ஞாயிறை அந்தக் கேமராவே வாங்கிக்கொள்கிறது.

எனக்கு அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2022-இல் தொடங்கிய அந்தத் திட்டம் இல்லையென்றால் எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் பிளஸ் டூவோடு மில்லுக்குப் போயிருப்பார்கள் என்று அம்மா சொல்வார். அந்தப் பணம் பஸ்ஸுக்கும் டிராயிங் ரெக்கார்டுக்கும் சார்ட்டுக்கும் சரியாக இருக்கிறது. கேமராவுக்கு என்று அதில் எதுவும் மிஞ்சாது.

முதல் குழு வேலையில் எங்களை ஐந்து ஐந்து பேராகப் பிரித்தார்கள். கேமரா வைத்திருப்பவர்தான் டைரக்டர் என்று யாரும் சட்டம் போடவில்லை. அவருடைய பொருள் என்பதால் மற்றவர் கையில் கொடுக்கப் பயம், அது நியாயமும்கூட. கீழே விழுந்தால் யார் பணம் கொடுப்பது? அதனால் அவரே எடுத்தார், அவரே எடிட் செய்தார். ஒருவன் தெர்மாகோல் பிடித்து வெளிச்சம் திருப்பினான். இன்னொருவன் வண்டியை ஓட்டினான். மற்ற இரண்டு பெண்களில் ஒருத்தி நடித்தாள், ஒருத்தி ஸ்கிரிப்ட் எழுதினாள். மூன்றாம் ஆண்டு அக்காக்களிடம் விசாரித்தேன். அவர்கள் குழுக்களிலும் இதே வரிசைதான். முதல் வாரத்தில் தெர்மாகோல் பிடித்தவர் கடைசி வருடக் குறும்படத்திலும் பெரும்பாலும் லைட்தான் பிடிக்கிறார். மூன்று வருடத்தில் ஒரு முறைகூடத் தானாக ஒரு காட்சியை வைத்துப் பார்க்காத பெண்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். மார்க் ஷீட்டில் எல்லாருக்கும் ஒரே பாடத்தின் பெயர்தான் இருக்கும்.

போனில் என்ன கற்றுக்கொடுத்துவிட முடியும் என்று நினைப்பவர்களுக்கு என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

'உங்கள் ஊர்' என்று இரண்டு நிமிட வீடியோ எடுத்து வரச் சொன்னார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ராத்திரி மார்க்கெட்டில், கேரள லாரிகளுக்குச் சரக்கு ஏற்றும் நேரத்தில் எடுத்தேன். மண்டிக்குள் பழைய சோக் வைத்த டியூப் லைட்டுகள். முருங்கைக்காய்க் கட்டுகளை அப்பாவும் கூட வேலை செய்பவர்களும் தோளில் வாங்கி லாரியில் அடுக்குவதை எடுத்துப் போட்டுப் பார்த்தால், படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே நகர்ந்துகொண்டே இருந்தன. வகுப்பில் காட்டியதும், "போன் குவாலிட்டி அவ்வளவுதான்மா, கேமரா வாங்கிடு" என்றார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். எங்கள் துறையின் லேப் அசிஸ்டென்ட் அண்ணா மட்டும் போனை வாங்கி, கேமரா செட்டிங்கில் பட்டைகளைத் தடுக்கும் ஆன்டி பேண்டிங் என்ற ஒரு வரியைத் திறந்தார். அதில் 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. 50 என்று மாற்றினார். லேபின் டியூப் லைட்டுக்குக் கீழே வைத்து எடுத்துக் காட்டினார். ஒரு பட்டைகூட இல்லை.

அதன் பிறகு அவர் கரும்பலகையில் போட்டு விளக்கினார். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த டியூப் லைட் வினாடிக்கு 100 முறை பிரகாசம் ஏறி இறங்குகிறது, நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. போனின் சென்சார் படத்தை ஒரே நேரத்தில் வாங்காமல் வரிவரியாக வாங்குகிறது. ஒவ்வொரு வரியும் எவ்வளவு நேரம் வெளிச்சம் வாங்குகிறது என்பதுதான் ஷட்டர் வேகம். ஷட்டர் வேகம் விளக்கின் ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போகாவிட்டால் ஒரு வரிக்கு அதிக வெளிச்சமும் அடுத்த வரிக்குக் குறைந்த வெளிச்சமும் விழும். அதுதான் அந்தப் பட்டை. ஷட்டரை 1/50 அல்லது 1/100 வினாடி வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் முழு முழு ஏற்ற இறக்கங்கள் கிடைத்துச் சமமாகிவிடும். விலை உயர்ந்த கேமராவில் எடுத்தாலும், அந்த மண்டி வெளிச்சத்தில் தப்பான ஷட்டர் வைத்தால் பட்டை வரத்தான் செய்யும். ஷட்டர் வேகம் என்றால் என்ன என்று அதற்கு முந்தின வாரம் இரண்டு பக்கம் நோட்ஸ் எழுதியிருந்தோம். அந்த பத்து நிமிடத்தில்தான் அது எனக்குப் புரிந்தது. அதைச் சொல்லிக்கொடுக்கத் தேவைப்பட்டது ஒரு டியூப் லைட்டும், திரை விரிசல் விட்ட ஒரு போனும், விஷயம் தெரிந்த ஓர் அண்ணாவும்தான்.

போனில் எல்லாம் முடியும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சர், அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவு, மாறாது. பின்னணி மங்குவதைப் போன் கணக்குப் போட்டுச் செய்துகாட்டுகிறதே தவிர, லென்ஸ் செய்வதில்லை. ஃபோகஸ் ரிங்கைக் கையால் திருப்பி ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் போகும்போது விரலுக்குக் கிடைக்கும் பழக்கத்தைக் கண்ணாடித் திரை தராது. அதற்குக் கேமரா வேண்டும்தான். அந்தப் பாடத்துக்குத் துறையின் கேமரா போதும். நாற்பது பேருக்கு நான்கு கேமரா இருந்து, முறை வைத்து ஒவ்வொருவர் கையிலும் அரை நாள் கொடுத்தால் அப்பர்ச்சர் பாடம் எல்லாருக்கும் வந்துவிடும். எங்கள் துறை பீரோவிலும் கேமராக்கள் இருக்கின்றன. சிறப்பு விருந்தினர் வந்தால் வெளியே வரும், படம் எடுத்ததும் உள்ளே போய்விடும். முதலாமாண்டு மாணவருக்குத் தருவதில்லை, உடைந்துவிடும் என்கிறார்கள். ஒரு பதிவேடு வைத்து, எடுத்தவர் பெயரும் நேரமும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு கொடுங்கள். உடையாமல் இருக்க எப்படிப் பிடிப்பது, லென்ஸை எப்படிக் கழற்றுவது என்பதையே முதல் பாடமாக வையுங்கள். மூன்று வருடம் பீரோவில் இருந்து பழையதாகிப்போவதும் நஷ்டம்தான்.

முதல் பருவத்துக் குழு வேலைகளுக்கு மட்டுமாவது சொந்தக் கேமரா கூடாது, எல்லாரும் போனில்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு விதி போடுங்கள். யார் எடுப்பது, யார் நடிப்பது என்பதை ஒவ்வொரு வேலைக்கும் நீங்களே மாற்றி எழுதி ஒட்டிவிடுங்கள். இந்த இரண்டுக்கும் பல்கலைக்கழக அனுமதி வேண்டாம், பணம் வேண்டாம். கேமரா வைத்திருப்பவர்களுக்கும் இதில் லாபம் உண்டு. என் குழுவில் கேமரா வைத்திருந்த பெண் என்னிடம் சொன்னது இது: "எல்லாரும் என்னை நம்பியே இருக்காங்க, நான் ஒரு தடவைகூட ஸ்கிரிப்ட் எழுதலடி."

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் கேட்பதே இல்லை. லென்ஸ் வாங்கப் பணம் ஒதுக்கும் துறைகள் மைக் வாங்க யோசிக்கின்றன. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்த்துவிடுவோம். பேசுவது கேட்கவில்லை என்றால் அடுத்த நொடி தள்ளிவிடுவோம். மண்டியில் அம்மாவிடம் பேட்டி எடுத்தபோது போனின் மைக்கில் லாரி இன்ஜின்தான் விழுந்தது. இயர்போனின் மைக்கைப் புடவைத் தலைப்புக்குள் ஊசி குத்தி வைத்து எடுத்த இரண்டாவது பதிவில் அம்மா மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ஆயிரம் ரூபாய்க்குள் நல்ல வயர் காலர் மைக் கிடைக்கிறது. ஒரு லென்ஸின் விலையில் வகுப்புக்கே வாங்கிவிடலாம். சில கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் சமுதாய வானொலி இருக்கிறது. இந்தியாவிலேயே முதல் வளாகச் சமுதாய வானொலி 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. அப்படி வானொலி உள்ள வளாகங்களில் முதலாமாண்டு மாணவர்களை முதல் மாதமே ஸ்டூடியோவுக்குள் விடுங்கள். குரலை மட்டும் வைத்து ஒரு ஆளைக் கேட்பவர் மனத்தில் கொண்டுவந்து நிறுத்தப் பழகியவர், பிறகு கேமராவைச் சரியான இடத்தில் வைப்பார் என்று நம்புகிறேன்.

இனி மொழி. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. தமிழ் வழியில் வந்தவர்கள் என்றாலே ஆங்கிலம் கற்க மனமில்லாதவர்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான் ஆங்கிலம் கற்கிறேன், கற்பேன். வேலைக்கு அது வேண்டும், மென்பொருள்களின் மெனு முழுக்க அதில்தான் இருக்கிறது. ஆனால் தியரி வகுப்பில் நடப்பதைக் கொஞ்சம் பாருங்கள். செய்தி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகிறது என்பதை விளக்கும் ஹெரால்ட் லாஸ்வெல்லின் 1948-ஆம் ஆண்டு வாய்பாடு, கிளாட் ஷானனும் வாரன் வீவரும் தந்த மாதிரி என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆங்கிலத்தில் டிக்டேஷன் போகிறது. நாங்கள் எழுதிக்கொள்கிறோம். சந்தேகம் கேட்டால் அதே வரியை இன்னொரு முறை மெதுவாகச் சொல்கிறார்கள்.

ஷானன் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். கம்பி வழியாகப் போகும் செய்தி இரைச்சலில் சிதையாமல் எப்படிப் போய்ச் சேர்வது என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த விஷயம். மண்டிக் கணக்குப்பிள்ளை கேரள வியாபாரிக்குப் போனில் விலை சொல்லும்போது "இருபத்தேழு" என்று மட்டும் சொல்லி நிறுத்த மாட்டார். "இருபத்தேழு, ரெண்டு ஏழு, ரெண்டு ஏழு" என்பார். பக்கத்தில் லாரி ஹாரன் அடிக்கும், கூலிக்காரர்கள் கத்துவார்கள், அந்தப் பக்கம் மலையாளம். இருபத்தேழு முப்பத்தேழாகக் காதில் விழுந்தால் ஒரு லோடுக்கு எவ்வளவு பணம் போகும் என்று அவருக்குத் தெரியும். ஒன்றையே வேறு வடிவில் திரும்பச் சொல்லி இரைச்சலை வெல்வதுதான் ஷானன் ரிடன்டன்ஸி என்று சொன்னது. இதை வகுப்பில் தமிழில் நான் சொன்னபோது சார் சந்தோஷப்பட்டார். "பரீட்சைல இப்படி எழுதிடாதம்மா" என்றும் சொன்னார். அவர் சொன்னது என் மேல் இருக்கும் அக்கறையால்தான். தமிழில் எழுதினால் திருத்துபவர் ஏற்பாரா என்று அவருக்கே நிச்சயமில்லை. அந்த நிச்சயத்தைத் தர உங்களால் முடியும். முதல் ஆண்டிலாவது உள்மதிப்பீட்டு வேலைகளையும் விடைகளையும் தமிழில் எழுதலாம் என்று பாடத்திட்டத்திலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள். வாயால் சொல்லும் அனுமதி ஆசிரியர் மாறும்போது போய்விடுகிறது.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்பை முடிப்பவர்களில் பலர் எங்கே வேலைக்குப் போகிறார்கள்? தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சி, தமிழ் யூடியூப் சேனல், தமிழ் நாளிதழ், தமிழ் விளம்பரம். ஆனால் எங்கள் வகுப்பில் தமிழ் தட்டச்சு தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். தமிழ் எழுத்துகளையே நேரடியாக அடிக்கும் தமிழ்99 விசைப்பலகையைத் தமிழக அரசு 1999-இல் தரமாக அறிவித்துக் கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. ஊடகம் படிக்க வரும் பிள்ளைக்கு அதை முதல் வாரத்தில் லேபில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டாமா? ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழாக மாறட்டும் என்று காத்திருக்கிறோம். ஒற்றுப் போகிறது, ணகர னகரம் மாறுகிறது, பிறகு அதுவே பழக்கமாகிறது.

டெங்கு விழிப்புணர்வுக்குப் போஸ்டர் செய்யச் சொன்ன நாளில் நடந்ததைக் கேளுங்கள். 'கொசு' என்று தலைப்பு அடித்தால், க-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. லேபில் இருப்பது வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்பு. அதன் விருப்பத் தேர்வுகளில் டைப் பகுதிக்குப் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வைப் போட்டு, மூடித் திறந்தால் சரியாகிவிடும். பிறகுதான் தேடித் தெரிந்துகொண்டோம். அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. நேரம் முடியப்போகிறது என்று பெரும்பாலான குழுக்கள் ஆங்கிலத் தலைப்புக்கு மாறின. வீட்டு வாசலில் தேங்கும் தண்ணீரைக் கொட்டுங்கள் என்று கோயம்புத்தூர் மக்களுக்குச் சொல்ல வந்த போஸ்டர்கள் அநேகமாக எல்லாமே ஆங்கிலத்தில் சுவரில் ஒட்டப்பட்டன. எனக்கு இது அவ்வளவு வருத்தமாக இருந்தது. எந்தத் தெருவில் ஒட்ட வேண்டுமோ அந்தத் தெருவில் அதை வாசிக்க ஆள் குறைவு.

நல்லதும் நடந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. எங்கள் துறையில் ஒரு பேராசிரியை ஒரு நாள் காலையில் அன்றைய தமிழ் நாளிதழ்கள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு பிரதி வாங்கிவந்து மேஜையில் பரப்பினார். ஒரே செய்தி எந்தப் பேப்பரில் எத்தனையாம் பக்கத்தில், எவ்வளவு இடத்தில், என்ன தலைப்பில் வந்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளக்கச் சொன்னார். தரையில் உட்கார்ந்து அளந்தோம். ஒரு தாளில் முதல் பக்கத்தில் இருந்தது இன்னொன்றில் உள்ளே ஓரத்தில் ஒதுங்கியிருந்தது. அடுத்து, படங்களைப் பாருங்கள், யாருக்கெல்லாம் பெயர் போட்டிருக்கிறார்கள் என்றார். அமைச்சருக்குப் பெயர் இருந்தது, கலெக்டருக்கு இருந்தது, கடை திறந்துவைத்த நடிகருக்கு இருந்தது. தக்காளி விலை ஏற்றம் என்ற செய்தியோடு வந்த படத்தில் கூடை சுமந்த அம்மாவுக்குப் பெயர் இல்லை. 'விற்பனைக்குக் குவிந்துள்ள தக்காளி' என்றுதான் போட்டிருந்தது. அந்தப் படத்தில் இருந்தது என் அம்மாவாகவும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொன்னேன். "அப்ப நீ எடுக்குற படத்துல பெயர் இருக்கணும், கேட்டுட்டு எடுக்கணும், எழுத்துப்பிழை இல்லாம போடணும்" என்றார். அந்த வாரம் எல்லாருக்கும் அதே வேலை: தெருவில் வேலை செய்யும் ஒருவரிடம் பேசி, அனுமதி வாங்கி, ஒரே ஒரு படம் எடுத்து, பெயரோடும் ஊரோடும் செய்யும் வேலையோடும் மூன்று வரி எழுதி வர வேண்டும். போனில் எடுத்தால் போதும், தமிழில் எழுதினால் போதும். அந்த வேலையில் கேமரா இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் மதிப்பெண்ணில் வித்தியாசமே வரவில்லை. எங்கள் கல்லூரி வாசலில் பூ விற்கும் பாட்டியின் பெயரே அன்றுதான் எங்கள் பலருக்குத் தெரிந்தது. நான் கேட்பது இப்படி ஒரு பருவத்தைத்தான். ஒரு பேராசிரியையின் சொந்த முயற்சியாக ஒரு வாரத்தோடு நின்றுபோகாமல், எல்லாருக்குமான பாடமாக இது இருக்க வேண்டும்.

இன்னொன்றும் ஆசையாகக் கேட்கிறேன். முதல் பருவத்தில் எங்கள் ஊர்களின் கதையையும் சொல்லுங்கள். இங்கே டவுன்ஹால் பக்கத்தில் வெரைட்டி ஹால் ரோடு இருக்கிறது. நாங்கள் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போகிறோம். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை, நானாக வாசித்துத் தெரிந்துகொண்டேன். சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்தவர். 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி ஊர் ஊராகப் போய்ச் சலனப்படம் காட்டினார். 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டினார். பின்னாளில் இதே ஊரில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பக்ஷிராஜா ஸ்டூடியோவும் வந்தன. சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் சுதேசமித்திரன் பத்திரிகையைத் தொடங்கினார். 1906-இல் வெளிவரத் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதியார் கருத்துப்படங்களை (கார்ட்டூன்களை) வெளியிட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அரசியலைப் படமாகக் காட்ட முடியும் என்று அன்றைக்கே நினைத்திருக்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான முதல் பாடம் விஸ்காமுக்கு வேறென்ன இருக்கிறது? ரயில்வே சம்பளக்காரர் ஒருவர் கையில் கிடைத்த ஒரு கருவியை வைத்துத் தொடங்கினார் என்று கேட்டால், போனை ஒளித்துவைத்துக்கொண்டு பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எவ்வளவு தைரியமாக இருக்கும்!

விடுதிப் பெண்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் விடுதிக் கேட் ஆறு மணிக்குப் பூட்டப்படும். லேப் நான்கரைக்குப் பூட்டப்படும். சாயங்கால வெளிச்சத்தில் எடுத்து வாருங்கள் என்று வேலை கொடுக்கிறார்கள், அந்த வெளிச்சம் வரும் நேரத்தில் நாங்கள் வார்டன் முன்னால் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம். பசங்க அதே நேரத்தில் உக்கடம் குளக்கரையில் எடுத்துக்கொண்டிருப்பார்கள். பாதுகாப்பு வேண்டும்தான், எங்கள் அம்மா அப்பா அதை நம்பித்தான் அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு வழி இருக்கிறது. துறையே வாரத்தில் ஒரு நாள் மாலை ஒரு பேராசிரியையோடு எங்களை அழைத்துப்போகலாம். துறைத்தலைவர் கடிதத்துக்கு விடுதி அவுட்பாஸ் தரலாம். லேபை ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்துவைக்கலாம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத எல்லாருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் எடிட்டிங் கற்கும் நேரம்.

தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரிகளில், பாடத்திட்டக் குழுவில் பல்கலைக்கழகப் பிரதிநிதி, வெளிக் கல்லூரிப் பேராசிரியர்கள், தொழில்துறையிலிருந்து ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் என்று உறுப்பினர்கள் இருப்பதாகத் தெரிந்துகொண்டேன். எல்லாரும் இந்தப் படிப்பைத் தாண்டிப் போனவர்கள். முதல் மாதம் எப்படி இருந்தது என்பது அவர்களுக்கு மறந்துபோயிருக்கும், அது இயல்பு. அடுத்த கூட்டத்துக்கு முதலாமாண்டு மாணவர்கள் இரண்டு பேரை, அதில் ஒருவர் தமிழ் வழியில் வந்தவராகப் பார்த்து, பத்து நிமிடம் பேச அழையுங்கள். ஓட்டுரிமை கேட்கவில்லை. கூட்டம் எந்தத் தேதியில் என்று முன்கூட்டியே சொன்னால், என் வகுப்பில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் கேட்டு, யாரிடம் என்ன கருவி இருக்கிறது, யார் இதுவரை எதை ஒரு முறைகூடத் தொடவில்லை என்று எழுதிக் கொண்டுவருகிறேன். வராமல் இருக்க மாட்டேன்.

நன்றி.

இப்படிக்கு,
பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன் முதலாமாண்டு மாணவி,
ஒட்டன்சத்திரம் / கோயம்புத்தூர்